மூன்றாம் நாள் ரத்தம்

கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஐஸ்கட்டி தூக்கியதில் கொளஞ்சியின் பத்து விரலும் மரத்துப் போயிருந்தன. சுடுசோறா பழையதா என்பது வாயில் வைத்தால்தான் தெரியும்.

பேத்தி அறிவுமதிக்கு இரண்டரை வயது. காது கேட்காது. பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்பாது. மருமகள் கயல்விழிதான் காரணம் என்று வீடே முடிவு கட்டிவிட்டது. ஒரு மாதக் குழந்தையைக் குறிஞ்சிப்பாடிக்குத் தூக்கிப் போய், அண்ணன் கல்யாணத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அதிலிருந்து அவள் குறிஞ்சிப்பாடித் தாய்வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று மகன் இளவரசு சொல்லிவிட்டான். கொளஞ்சி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவருக்கு வேறொன்று தெரியும். அப்போது பிள்ளைக்கு இருபது நாள் இருக்கும். கயல்விழி குளிக்கப் போயிருந்த நேரம், விடாமல் அழுதது. காதுவலி என்று அவராக நினைத்துக்கொண்டு தேங்காயெண்ணெயைக் காய்ச்சினார். விரலை விட்டுச் சூடு பார்த்தார். அந்த விரலுக்கு என்ன தெரியும்? இரண்டு காதிலும் விட்டார். பிள்ளை வீலென்று கத்தி அடங்கியது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்த சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கே கயல்விழி காட்டப் போனாள். இவரும் கூடப் போனார். டாக்டர் ஜான்சி சொன்னார்:

"பொறந்த மூணாம் நாள் குதிகால்ல குத்தி, அட்டையில ரத்தப் பொட்டு எடுத்திருப்பாங்க. அதுல ஒரு வைரஸோட டி.என்.ஏ. இருக்கான்னு பாக்கணும். இருந்தா, வயித்துக்குள்ளயே வந்ததுன்னு அர்த்தம். காது போனதுக்கு அதான் காரணமா இருக்கும். இப்ப ரத்தம் எடுத்தா எப்ப வந்ததுன்னு சொல்ல முடியாதும்மா."

நர்ஸ் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். "ஒரு அட்டை அப்பவே டெஸ்டுக்குப் போயிடுச்சு டாக்டர். ஸ்டோர்ல வச்சிருந்த இன்னொண்ண வாங்கிட்டுப் போயிட்டாங்க. கையெழுத்து... கொளஞ்சி."

கயல்விழி திரும்பினாள். "மாமா?"

"ஆமா. எம்பேத்தி ரத்தத்த எவனோ பெட்டியில பூட்டி வப்பான், எதுக்குன்னு கேக்கக் கூடாதா? சண்ட போட்டுதான் வாங்கினேன்."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்து எதைத் தோண்டுவார்களோ. கயல்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்குது," என்றார். "ரேஷன் கார்டு கவர்ல."

"எங்களவிட பத்திரமா வச்சிருக்கீங்களே ஐயா!" என்று டாக்டர் சிரித்தார். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"வைரஸ் இருக்குது," என்றார் டாக்டர். "எச்சில்ல, மூத்திரத்துல பரவுற சாதாரணக் கிருமிதான். மாசமா இருக்கும்போது அம்மாவுக்கு வந்தா புள்ளைக்கும் போகும். அவுங்களுக்கே தெரியாது. யார் தப்பும் இல்ல."

"அப்ப ஸ்பீக்கர் இல்லியா டாக்டர்?"

"இல்லம்மா."

"எண்ணெயும் இல்லியா?" என்று கேட்டுவிட்டார் கொளஞ்சி.

"எந்த எண்ணெ, மாமா?"

சொன்னார். முழுவதும் சொன்னார். எண்ணெயும் காரணமில்லை, ஆனால் இனிமேல் யார் காதிலும் எதையும் ஊற்றக் கூடாது என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் கயல்விழி கேட்டாள்.

"நீங்கதான் காத கெடுத்தீங்கன்னு நெனச்சுக்கிட்டு, அவுங்க என்னைத் திட்டறதயும் கேட்டுக்கிட்டு, ரெண்டு வருஷமா சோறு தின்னீங்களா?"

"ஆமா."

அழுகை வருமென்று எதிர்பார்த்தார். அவளுக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறி, பிள்ளையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இளவரசு கேட்டா என்னா சொல்றது?"

"என்கிட்ட சொன்னத அவுருகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு போன் பண்ணச் சொல்லுங்க. அப்பறம் வரேன்."

ஜன்னல் கம்பியில் வைத்திருந்த அவர் விரலைப் பிள்ளை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பஸ் உறுமியதும் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, கடலூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கப் போனார்.