பண்ணைக்காரர் மனைவியின் கரண்ட்

பாதை முடிகிற இடத்திலுள்ள பால் பண்ணையின் காற்றாடி காற்றுக்குச் சுற்றாது. பண்ணைக்காரரின் மனைவி பயந்தால்தான் சுற்றும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அக்கம்பக்கத்தில் எவரைக் கேட்டாலும், பால் லிட்டர் என்ன விலை என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மின்கம்பங்கள் பாதை திரும்பும் இடத்தோடு நின்றுவிட்டதால், கறந்த பாலைக் கெடாமல் வைக்கும் குளிர்தொட்டிக்கு டீசல் ஜெனரேட்டர்தான் கதி என்று இருந்தது. அதன் புகையும் இரைச்சலும் பொறுக்காமல், உயரமான கம்பத்தில் மூன்று இறக்கை வைத்த, கரண்ட் எடுக்கும் சின்னக் காற்றாடி ஒன்றைப் பேட்டரியோடு சேர்த்துப் பண்ணைக்காரர் வாங்கினார். மாட்ட வந்த மெக்கானிக் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்தார். "சார், இது பள்ளம். இங்க காத்தே இல்ல. பின்னாடி அந்த மேட்டுல வைங்க," என்றார். மேடு மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே வைத்தால் பாதையில் போகிற ஒருத்தர் கண்ணிலும் படாதே! "கொட்டகை பக்கத்துலயே வைங்க. நாலு பேர் பாக்கட்டும்," என்றார் பண்ணைக்காரர். பார்த்தார்கள். காற்றாடி நின்றது நின்றபடி இருந்தது, காக்கை வந்து உட்கார்ந்தது. "என்ன, துணி காயப்போடக் கம்பமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

முதல்முறை அது சுற்றியது ஒரு மத்தியான வேளையில். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள், புதிதாக வாங்கிய முரட்டு மாட்டின் காலடியில் உட்கார்ந்து வைக்கோலை அளைந்துகொண்டிருந்ததை மனைவி பார்த்தாள். ஓர் இலைகூட அசையவில்லை. இறக்கைகள் விர்ரென்று சுற்றின. கொட்டகை பல்புகள் எரிந்தன, தொட்டி உறுமத் தொடங்கியது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் எல்லாம் மெல்ல அடங்கியது. பண்ணைக்காரர் முட்டாள் இல்லை. கொஞ்ச நாள் கவனித்தார். அவள் பல்லியைப் பார்த்தால் ஒரு பல்பு எரிந்தது. இடி இடித்தால் வீடு முழுக்க எரிந்தது. அவர் பைக்கில் திரும்பி வர நேரமானால் தொட்டி ஜில்லென்று ஆகிவிட்டது. பேட்டரியில் சேர்ந்த பயம் மறுநாள் மாலைவரை தாங்கியது.

ஆரம்பத்தில் அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் தாமதமாக வருவார், அவ்வளவுதான். பாதை முனையில் பைக்கை நிறுத்தி, இறக்கை வேகமெடுக்கும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைவார். "எங்க போயிட்டீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு," என்பாள். "டயர் பஞ்சர்," என்பார். கோடை வந்ததும் பால் சீக்கிரம் கெட்டது, பஞ்சர் போதவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார். பெல்ட் கட்டாமல் கம்பத்தில் ஏறி, உச்சியில் நின்று ஒரு கையை விட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அவளைச் சொல்லாமல் கொள்ளாமல் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து, "புள்ள உன்கூட இல்லையா?" என்று கேட்டார். அன்று பொழுது சாயும்வரை மனைவி கிணற்றை எட்டிப் பார்த்தாள், சாணக்குழியைக் கம்பால் கிளறினாள், செருப்பில்லாமல் பாதை நெடுக ஓடினாள். தொட்டியில் பால் ஐஸ் கட்டியது.

ஊரும் லேசுப்பட்டதில்லை. கரண்ட் தாராளமாக இருக்கிறதென்று போனும் சார்ஜருமாக வந்தார்கள். பேட்டரி இறங்கியிருந்தால் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்வார்கள். "உங்க பொண்ணு மாதிரியே ஒரு புள்ள ஆத்துப் பக்கம் தனியா போச்சேக்கா," என்பார் தையல்காரர், பிளக்கைச் சொருகியபடி. "உங்க வீட்டுக்காரர் முகமே சரியில்லையே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பாள் பக்கத்துத் தோட்டக்காரி, கையில் இஸ்திரிப் பெட்டியோடு. பண்ணைக்காரரின் மனைவிக்கு இளவயதிலேயே தலை நரைத்தது. கையிலிருந்த தட்டுகள் விழுந்து உடைந்தன. அவள் தூக்கத்தில் திடுக்கிட்டால் தீவனம் வெட்டும் மெஷின் தானாக ஓடியது.

அவளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் தெரியும். தெரிந்துவிட்டால் மட்டும் பயம் வராமல் இருக்குமா? இத்தனை பொய்யில் ஒன்று நிஜமாகிவிட்டால்? அந்த ஒன்றுக்காக எல்லாவற்றுக்கும் பயந்தாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பெருமழை பெய்தது. சாயங்காலம் பண்ணைக்காரர் நனைந்துபோய் ஓடிவந்தார். பாலம் இடிந்து கல்லூரி பஸ் ஆற்றுக்குள் இறங்கிவிட்டதாம், பால் வண்டி டிரைவர் சொன்னாராம், பிள்ளை போனை எடுக்கவில்லையாம். மனைவி பால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து காற்றாடியைப் பார்த்தாள். அது அசையவில்லை. எப்போது வற்றியதென்று அவளுக்கே தெரியாது, உள்ளே பயம் என்று எதுவும் மிச்சமில்லை. "சரிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கேனை எடுத்தாள்.

"நிஜமாத்தான் சொல்றேன்டி! சத்தியமா!"

"போன தடவையும் சத்தியம் பண்ணீங்க."

அப்போது இறக்கைகள் சுற்றத் தொடங்கின. கொட்டகை பல்புகள் எரிந்தன, ஒன்று வெடித்தது. அவள் கையிலிருந்த கேனைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. இது தன்னுடைய கரண்ட் இல்லை என்று புரிந்தது. அப்படியென்றால் பஸ் ஆற்றுக்குள் விழுந்தது நிஜம். ஐயோ! கேனைப் போட்டுவிட்டு மழையில் ஓடினாள். பின்னால் கம்பமே ஆடும்படி காற்றாடி சுற்றியது.

மகள் பாதைத் திருப்பத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள், செருப்பு கையில். பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாளாம். அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, துண்டால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்: "என் புள்ளைக்கு ஆபத்துன்னப்ப நான் கேன் கழுவிட்டு இருந்தேன். என்னை அப்படி ஆக்கி வச்சிருக்கீங்க. நீங்க பயந்தாலும் சுத்துதே, இனிமே நீங்களே பயப்படுங்க."

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள், வருவாளா என்றே அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு காற்றாடி நின்றதே இல்லை. பண்ணைக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு ஜில்லென்ற பால் வேறெங்கும் கிடைப்பதில்லை என்கிறார் பால் வண்டி டிரைவர்.

டவுனில் அவர்கள் இருக்கிற வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும். போனால் போகட்டும் என்று அவள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறாள்.