கிழக்கு வாசல் உள்ள ரொட்டி

1976 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து, லிங்கன்ஷயரின் ஸ்கெல்தோர்ப் ஊரில் சுட்ட ரொட்டிகள் அத்தனையின் மேல்தோலிலும் ஒரே கோட்டுப் படம் வந்தது. பெரிய ரொட்டி பத்தொன்பது பென்னி. படத்துக்காக ரொட்டிக்கடை டோரா ஸ்டெனட் விலையை ஏற்றவில்லை. முதல் நாள், தட்டின் தழும்பு என்று நினைத்துச் சோடா போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் ஊர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, மழை எப்போது வரும் என்ற பழைய பேச்சுக்கே திரும்பியது.

அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தவள் ஊரில் ஒருத்திதான். ஈனிட் கல்பின் பதினான்கு வருடமாக அருங்காட்சியகத்தின் பின்னறையில், விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களின் மேல் மெல்லிய தாளை விரித்து, வயலில் தெரியும் கோடுகளை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். பழங்காலத்து அகழி தூர்ந்துபோனாலும் அந்த இடத்து மண் ஆழமாக, ஈரமாக இருக்கும். வறட்சியில் மற்ற கோதுமை வெளுத்துச் சாயும்போது அந்தக் கோட்டில் மட்டும் பயிர் பச்சையாக நிற்கும். வரப்பில் நின்றால் தெரியாது, வானத்திலிருந்து தெரியும். எந்தக் காலத்ததாக இருக்கலாம் என்று அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். தோண்டிப் பார்த்த பிறகுதான் மை. அவளிடம் இருநூற்றுப் பதினேழு அட்டைகள் இருந்தன. ஒன்றில்கூட மை ஏறியதில்லை. பழைய சமாதி என்று அவள் குறித்த வட்டத்தை ஒரே ஒருமுறை தோண்டினார்கள். அது போர்க்காலத்தில் ராணுவம் சர்ச்லைட் வைத்திருந்த மேடை. அன்றிலிருந்து அவளுக்கு 'சர்ச்லைட்' என்றே பட்டப்பெயர்.

டோராவின் அண்ணன் வில்ஃப் குத்தகைக்கு உழும் வயலில், அந்த ஜூலையில் இரண்டு நீள்சதுரங்களும் நடுவே ஒரு பாதையும் தெரிந்தன. ரோமானியர் காலத்து வயல் அடைப்பாக இருக்கலாம் என்று ஈனிட் எழுதினாள். பென்சிலால்தான். ஆனால் வரும் அக்டோபரிலிருந்து அந்த வயலை முப்பதடி தோண்டிச் சரளை எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கம்பெனியின் நிபுணர் டாக்டர் பென்ஹாலோ, கோடுகள் எல்லாம் பனியுகத்தில் நிலம் வெடித்த வெடிப்புகள் என்று பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அனுமதி கொடுக்கும் கவுன்சில் குழு அதை ஏற்றால் வயல் ஒரு குளமாகிவிடும். அகழியா வெடிப்பா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அந்த வயலின் கோதுமைதான் ஊர் ஆலையில் மாவாகி டோராவிடம் வந்தது. வில்ஃப் ஒரு ரொட்டியைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, உன் கோடெல்லாம் எங்க ரொட்டியில வந்து குந்தியிருக்கு. வெண்ணெய் தடவ மனசு வரல, நீயே வச்சுக்க."

ஈனிட் தாளை ரொட்டியின் மேல் விரித்தாள். ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்ற வரைபட அளவில் கோட்டோடு கோடு பொருந்தியது. ஆனால் ரொட்டியில் கூடுதலாகவும் இருந்தது. வயலின் தென்பகுதியில் பீட்ரூட் போட்டிருந்ததால் புகைப்படத்தில் அங்கே ஒன்றும் விழவில்லை. ரொட்டியில் அங்கே மூன்றாவது அடைப்பும், அதன் மூலையில் அவரைக்கொட்டை அளவு ஒரு கருகலும் தெரிந்தன. மேலும் பத்து ரொட்டி வாங்கி அளந்தாள். மயிரிழை பிசகவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி கேக் டப்பாவில் ரொட்டியோடு குழுவின் முன் போய் நின்றாள்.

"போன தடவை சர்ச்லைட்டு," என்றார் பென்ஹாலோ. "இந்தத் தடவை டோஸ்ட்டா, மிஸ் கல்பின்?"

குழு சிரிக்கச் சிரிக்க அவள் ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "பனி வெடிப்பு வாசல் வைக்குமா, டாக்டர்? கிழக்கால பாருங்க. பன்னெண்டடி. மாடு நுழையற அகலம்."

"தற்செயல்."

"அப்ப இந்தக் கருகல் இருக்கிற எடத்துல ஒரு குழி போடுங்க. ஒண்ணும் இல்லேன்னா இருநூத்திப் பதினேழு அட்டையையும் நானே அழிச்சிடறேன். ரப்பர் கொண்டாந்திருக்கேன்."

குழுத் தலைவர் அன்று காலை டோராவின் ரொட்டியைத்தான் சாப்பிட்டிருந்தார். இரண்டு நாள் கொடுத்தார்.

முதல் நாள் வெறும் மண். வில்ஃப்பின் பீட்ரூட்தான் வீணாயிற்று. இரண்டாம் நாள் பிற்பகல், இரண்டரை அடி ஆழத்தில் கல் கட்டிய ஒரு புகைவழி தட்டுப்பட்டது; அதன் முடிவில் கோதுமை உலர்த்தும் அடுப்பு, ரோமானியர் காலத்துச் சாம்பல்நிறச் சட்டிகள், ஒரு கூடை கருகிய கோதுமை மணி. பக்கத்திலேயே அகழி. சாம்பலைக் கிளறியதும் அப்போதுதான் சுட்ட ரொட்டி வாசனை எழுந்து, ஊர் முழுக்கப் பசியெடுத்து வயலுக்கு வந்துவிட்டது. பென்ஹாலோ மண்டியிட்டு ஒரு மணியை முகர்ந்தார்.

"வெடிப்பு இல்ல," என்றார்.

"என்ன டாக்டர்? காது கேக்கல," என்றார் வில்ஃப்.

"வெடிப்பு இல்லய்யா." தொப்பியைக் கழற்றி, ஈனிட் குழியிலிருந்து ஏறக் கை கொடுத்தார். வரப்பு முழுக்கக் கைதட்டியது. வில்ஃப் அவளை டிராக்டரில் ஏற்றி ஊரை இரண்டு சுற்று சுற்றினார்.

கம்பெனி வேறு ஊருக்குப் போயிற்று. ஈனிட்டின் மைப்புட்டி பதினான்கு வருடத்தில் காய்ந்து கட்டியாகியிருந்ததால் புதிது வாங்கி, முதல் அட்டையில் மை ஏற்றினாள். பத்து வருடத்தில் அது நாற்பத்தொரு அட்டையாயிற்று; அவற்றில் பதினாறு இடங்களில் பென்ஹாலோவே வந்து குழி போட்டார். ரொட்டியில் இப்போதும் படம் வருகிறது. ஸ்கெல்தோர்ப்பில் சூடான ரொட்டிக்கு வெண்ணெய் தடவினால் அது பாதை வழியே உருகி வந்து கிழக்கு வாசலில்தான் ஒழுகும். அதனால் தட்டை அந்தப் பக்கம் வைக்கிறார்கள்.