பாய்லருக்கு ஒரு காளான்

என் மருமகளின் மூக்கை நம்பித்தான் எங்கள் சலவைக்கடை ஓடுகிறது. வெளுத்து மடித்த விரிப்பை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாள். "அலசல் பத்தல" என்பாள். அலசுவது என் மகன், அதனால் எனக்கொன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூக்கு என் பக்கம் திரும்பிவிட்டது.

"மாமா, இது டீசல் நாத்தம்."

"எது?"

"லாட்ஜுக்காரங்க விரிப்பு. மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுல படுத்தா லாரி ஓட்டுற மாதிரி கனவு வருதாம்."

விறகு பாய்லரைப் பற்ற வைப்பது என் வேலை. பழந்துணியை டீசலில் நனைத்து அடுப்பு வாயில் திணித்து ஒரு குச்சி கிழித்தால் தீர்ந்தது. காகிதம் வைத்தால் பொசுக்கென்று எரிந்து போகும். கட்டை மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். போதாததற்குக் காகிதக் கரி பறந்துபோய் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொள்ளும். டீசலை விட்டால் வேறு வழி?

"வழி இருக்கு மாமா. கேஸ் பாய்லர். நாளன்னைக்கு ஆள் வந்து அளவெடுக்கிறாரு. ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும். நீங்க நிம்மதியா உக்காரலாம்."

நிம்மதியாக உட்காருவதாம். ஒரு மனுஷனை நாற்காலியில் உட்கார வைத்தால் அடுத்து சுவரில் மாட்டுவதுதான் பாக்கி. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த வேலை அந்த அடுப்பு ஒன்றுதான்.

"டீசல் இல்லாம பத்த வெச்சுக் காட்டினா?"

"நாத்தமும் வரக்கூடாது, கரியும் பறக்கக்கூடாது. அப்படிப் பத்த வெச்சுட்டீங்கன்னா, வர்றவருக்கு ஒரு டீயக் குடுத்து அனுப்பிடுறேன்."

சொன்னால் செய்வாள். அந்தக் குணம் அவளுக்கு அம்மா வழியில் வந்தது. அப்பன் வழியில் வந்திருக்க முடியாது.

அப்பன் என்றால் என் சம்பந்தி. மரக்கடைக்காரர். எங்களுக்கு விறகு போடுகிறவரும் அவர்தான். பாதி ஈரமாக இருக்கும் கட்டையை "எலும்பாக் காஞ்சது" என்று சத்தியம் செய்வார். பொழுது விடிந்தது என்று அவர் சொன்னால்கூட நான் வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். சேதி கேட்டு அன்றைக்கே சிரித்துக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, காளான்ல பத்த வைங்க."

"காளானைத் திங்கத்தான் கேள்விப்பட்டிருக்கேன்."

"இது திங்கிறது இல்ல. பட்டுப்போன மரத்துல கருப்பா, உருண்டையா, கரிக்கட்டி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். ஓரத்துல ஒரு பொறி பட்டாப் போதும், கனிஞ்சுக்கிட்டே கிடக்கும். மரச்சீவலுக்கு அடியில போட்டுட்டா கட்டை பத்துற வரைக்கும் விடாது."

"பொண்ணு குடுக்கும்போதும் இப்படித்தான் சொன்னீங்க. இருக்கிற இடமே தெரியாதுன்னு."

"தெரியுதா?"

"தெருக்கோடி வரைக்கும் தெரியுது."

மனசில்லாமல்தான் போனேன். மரக்கடைக்குப் பின்னால் ஓடைக்கரையில் பட்ட மரங்கள் சாய்ந்தும் விழுந்தும் கிடந்தன. முதலில் என் கண்ணில் பட்டது வெள்ளையாக, தளதளவென்று ஒரு கொத்து. பறித்துக் காட்டினேன்.

"அதுல நெருப்புப் பத்தாது சம்பந்தி, வயித்தாலதான் போகும்" என்றார்.

அவர் விழுந்த மரம் ஒன்றின் அடிப்பக்கம் குனிந்து பார்த்துக் கூப்பிட்டார். பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் மாதிரி கருப்புக் காளான்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. தொட்டால் கை கரியானது. ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினார். உள்ளே வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. பார்க்க என்னவோ வேலைப்பாடாகத்தான் இருந்தது. ஆனால் கரியைப் பற்ற வைத்துக் கரியாக்குவதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அவர் லேசானதாகப் பார்த்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். கையில் வாங்கினால் வெறும் நெட்டி, கனமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஈரக் கட்டையை நம் தலையில் கட்டுகிற ஆள், லேசானதை நமக்குத் தள்ளுகிறார் என்றால் என்ன அர்த்தம்? கனமானதை அவருக்கு ஒதுக்குகிறார் என்று அர்த்தம். நான் கனமானதாகவே பொறுக்கினேன்.

"சம்பந்தி, கனமா இருந்தா உள்ள தண்ணி."

"நீங்க போடுற கட்டையும் கனமாத்தான் இருக்கு."

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் லேசானது ஒன்றை என் பைக்குள் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

அளவெடுக்கிற நாள் காலையில் சம்பந்தியும் வந்தார், கேஸ்காரரும் வந்தார். சம்பந்தி வண்டியிலிருந்து சீவல் மூட்டையை இறக்கப் போனார். அவர் வந்தால் ஏதாவது வித்தை காட்டுவார் என்று, அதற்குள் நானே பாய்லர் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரீட்சை பார்த்தேன். கனமான காளான்கள் சொய் என்றன. அவ்வளவுதான். தீக்குச்சி என் விரலைச் சுட்டதுதான் மிச்சம். கடைசியில் அந்த நெட்டி. அதன் ஓரத்திலும் குச்சியைக் காட்டினேன். ஒரு நூல் புகை. ஊதினேன். வாசல் வெயில் நேரே கண்ணில் அடித்தது. தீயும் இல்லை, சுடரும் இல்லை. நம் காதில் பூச்சுற்றிவிட்டார் மனுஷன் என்று முடிவு செய்தேன். அவர் மகள் முன்னாலேயே அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

தேய்ப்பு அறையில் மருமகள் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். கேஸ்காரர் சுவரில் டேப்பை நீட்டிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, உங்கப்பா என்னைக் காடு மேடெல்லாம் அலைய விட்டு..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மூக்கு விடைத்தது. "என்னமோ கருகுது."

நான் கேஸ்காரரைப் பார்த்தேன். "சிகரெட்டா?"

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க ஐயா."

"புகைக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அந்நேரம் பார்த்துச் சம்பந்தி சீவல் மூட்டையோடு வந்தார். "பத்திக்கிச்சா சம்பந்தி?"

"பத்திக்கிட்டது என் வயிறுதான்! இத்தனை வயசுக்கு என்னைப் போய்..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். சுள்ளென்றது.

"மாமா! பாக்கெட்டு!"

குனிந்து பார்த்தேன். சட்டைப் பையில் ஓட்டை. ஓட்டை ஓரம் சிவப்பாக விரிந்துகொண்டு போகிறது. உள்ளே அந்த நெட்டிக் காளான் பூனைக்கண் மாதிரி என்னைப் பார்க்கிறது. கேஸ்காரர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஊத்தாதய்யா! ஊத்தாதே! அது என் நெருப்பு!"

அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, தோள் துண்டைச் சுருட்டிப் பைக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். சம்பந்தி பின்னாலேயே மூட்டையோடு ஓடி வந்தார். அடுப்பு வாயில் காளானைக் கவிழ்த்து, சீவலை மேலே போட்டு, மெல்லிசு விறகை அடுக்கினோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊதக் குனிந்ததில் மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டன.

"நீங்க ஊதுங்க."

"நீங்களே ஊதுங்க, அப்புறம் நான் எச்சி பண்ணிட்டேம்பீங்க."

நானே ஊதினேன். சீவல் பிடித்தது. சீவல் எரிந்து தீர்ந்த பிறகும் அடியில் காளான் விடவில்லை. ஊத ஊதச் சிவந்தது. மெல்லிசு விறகு முனகியது, அப்புறம் குபுக்கென்று பிடித்தது. அதன் மேல் பெரிய கட்டை வேர்த்தது, காய்ந்தது, வேறு வழியில்லாமல் எரிந்தது.

மருமகள் வந்தாள். கொட்டகையை முகர்ந்தாள். கொடியில் கிடந்த விரிப்பை முகர்ந்து, திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் என்னையும் ஒரு தரம் முகர்ந்தாள்.

"டீசல் இல்ல."

"கரி?"

"உங்க சட்டையில மட்டும்தான் மாமா."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேஸ்காரரின் டேப் கிர்ரென்று சுருண்டு உள்ளே போனது. டீயைக் குடித்துவிட்டு, "ஐயா, அந்தக் காளான் எந்தப் பக்கம் கிடைக்கும்?" என்று என்னிடம் நைசாகக் கேட்டார்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். அதோடு போய்விட்டார்.

சம்பந்தி மட்டும் போகவில்லை. இரண்டாவது டீயையும் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லேசானதுதான் பத்தும்னு சொன்னேன்ல?"

"அது என் பையில இருந்த காளான்."

"போட்டவன் நான்."

"யாரு பாத்தா?"

இப்போதும் பாய்லரை நான்தான் பற்ற வைக்கிறேன், அந்த ஓட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. காளானுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். அவர் நீட்டுகிற ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான் பையில் போடுகிறேன்.