குறுக்குக் குழி

பெரியப்பா ஹாலிஸ் செத்த சேதி வந்தப்போ நான் பன்றிக்குத் தீனி கலக்கிக்கிட்டிருந்தேன். கலக்கி முடிச்சு, கையைக் கழுவிட்டு, அப்புறம்தான் சிரிச்சேன். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.

எங்க குடும்பக் கல்லறை மேட்டு மேல இருக்கு. கொள்ளுத்தாத்தா ஜூபல் மாட்டு வண்டி கட்டி இந்த மிசௌரி மலைக்கு வந்தவரு. குடிசை போடுறதுக்கு முந்தியே இங்க ஒரு குழி வெட்டினாரு. வழியில காய்ச்சல் கண்டு செத்த கைப்பிள்ளைக்கு. பிள்ளையைத் தனியா விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டேன்னு கொள்ளுப்பாட்டி உக்காந்துட்டா. ஆத்தோரம் கறுப்பு மண்ணு கிடக்க, நாங்க இந்தக் கல்லுக்காட்டுல வேர் பிடிச்சது அப்படித்தான்.

அந்தப் பிள்ளையில இருந்து எல்லாருக்கும் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாள்ல தேவதூதன் எக்காளம் ஊத, செத்தவங்க எல்லாம் எழுந்து உக்காரும்போது முகத்துக்கு நேரா சூரியன் வரணும். கொலைகாரனுக்கும் குலத்தைக் கெடுத்தவனுக்கும் மட்டும் தெற்கு வடக்கா குறுக்குக் குழி. அவன் எழுந்து திசை தெரியாம முழிக்கட்டும்னு.

என் அப்பா லீலண்டுக்குக் குறுக்குக் குழிதான் கிடைச்சது.

நான் சின்னவளா இருந்தப்போ பெரியப்பாவோட வைக்கோல் கொட்டகை எரிஞ்சுது. உள்ள கட்டியிருந்த குதிரைகளும் எரிஞ்சுது. "என் தம்பிதான் வச்சான்"னு அவரு சொன்னாரு, ஊரே நம்புச்சு. யாரும் எங்க அப்பா முகத்தைப் பாக்கல. அந்தக் குளிர்காலமே அவரு நெஞ்சுச் சளியில போய்ச் சேர்ந்தாரு. மேட்டு நிலம் அப்போ பெரியப்பாவோடது. "நானே வெட்டுறேன், நானே புதைக்கிறேன், ஒருத்தரும் மேட்டுக்கு வரக்கூடாது"ன்னாரு. அம்மாவை வாசல் தாண்ட விடல. மறுநாள் போய்ப் பாத்தோம். மேற்கு ஓரத்துல குறுக்கே ஒரு மண்மேடு, தெற்குத் தலைமாட்டுல ஒரு கல்லு.

மே மாசம் கல்லறைக்குப் பூ வைக்கிற ஞாயித்துக்கிழமை சொந்தமெல்லாம் கூடும். களை பிடுங்கி, பூ வச்சு, புல்லுல துணி விரிச்சுக் கோழி வறுவல் தின்னும். எங்க அப்பா மண்மேட்டை மட்டும் தொடாம விலகிப் போகும். "கொட்டகை கொளுத்தி மக"ன்னு சின்னதுங்க என்னைக் கூப்பிடும், பெரியவங்க கேக்காத மாதிரி மெல்லுவாங்க. அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே செத்தா. அப்பாவைத் திருப்பிப் போடணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

அப்புறம் மழை பொய்ச்சுது, பெரியப்பா கையை விட்டு நிலம் போச்சு. நானும் என் புருஷனும் வாங்கினோம். நாலு பேரு வேணாம்னாங்க. நான் வாங்கினது மக்காச்சோளம் போடவா?

பெரியப்பா மகன் கார்லின் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னான்.

"அக்கா, அப்பாவை மேட்டுல வைக்கணும். ஜூபல் தாத்தா பக்கத்துல கேட்டாரு."

"கேப்பாரு, கேக்காம என்ன. முதல்ல எங்க அப்பாவைத் திருப்பு. நீயே வெட்டு. அப்புறம் பேசலாம்."

"செத்தவங்களைத் தோண்டறதாக்கா?"

"உங்கப்பன் உசுரோட இருந்தவங்களையே புதைச்சவருடா. எடு மண்வெட்டியை."

காலையில வெட்டினான். தெற்கு முனையில மண்வெட்டி இறங்கவே இல்ல. கெட்டிக் களிமண்ணு, எவனும் தொடாத மண்ணு. வடக்கு முனையும் அப்படியே. நடுவுலதான் பொலபொலன்னு வந்துச்சு. ஆழத்துல பெட்டிப் பலகை தட்டுப்பட்டுது. அந்தப் பலகை ரெண்டு பக்கமும் புல்லுக்கு அடியில போச்சு, மேற்கேயும் கிழக்கேயும்.

அப்பா சரியாத்தான் படுத்திருந்தாரு. மேல இருந்த மண்ணும் கல்லும் மட்டும்தான் குறுக்கே.

கார்லின் குழிக்குள்ள நின்னுக்கிட்டே சொன்னான். "பாத்தியாக்கா, அப்பா மனசுல இரக்கம் இருந்திருக்கு."

"இரக்கமா? கொளுத்தினவன்னு நம்பியிருந்தா உங்கப்பன் ஆசையாக் குறுக்கே போட்டிருப்பாரு. நிரபராதியைக் குறுக்கே போட்டா மேல இருக்கிறவன் கேப்பான்னு பயம். கடவுளை ஏமாத்தல, எங்களை ஏமாத்தினாரு. முதல் நாள்ல இருந்தே தெரியும்டா அவருக்கு."

அவன் மண்வெட்டியைக் கீழ வச்சான். அப்புறம் மெதுவா, "கொட்டகை எரிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் வைக்கோல் பரண்ல இருந்து வாயில புகையிற புகையிலை பைப்போட இறங்கினாரு. நான் பாத்தேன்"னான்.

அவனை அடிக்கத் தோணுச்சு. அடிக்கல. மண்ணைத் தள்ளி மூடச் சொன்னேன், மண்மேட்டைக் கிழக்கு மேற்கா குவிக்கச் சொன்னேன், கல்லை மேற்கே நட வச்சேன். சாவுக்கு வர்ற சொந்தமெல்லாம் அதைப் பாக்கும். ஏன்னு கேட்டா நீதான் சொல்லணும், பைப்போட சேத்துச் சொல்லணும்னேன். தலையாட்டினான்.

"அப்பாவுக்கு இடம்?"

"இருக்கு. எங்கப்பா காலடியில, நேர் கிழக்கே."

தம்பி காலடியில அண்ணன். அவமானம்தான்னு அவனுக்குப் புரிஞ்சுது, ஆனாலும் மண்வெட்டியை எடுத்துக்கிட்டு அந்த இடத்துக்குப் போனான்.

பிணத்தைக் குளிப்பாட்டி உடுப்பு மாட்ட நானே போனேன். "அர்வில்லாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு"ன்னு சொந்தக்காரிங்க கண்ணைத் துடைச்சாங்க. வெறும் பைன் பலகைப் பெட்டி, ரெண்டு முனையும் ஒரே அகலம். மூடி அடிச்சதும் தலைப்பக்கம் தெரியணும்னு எங்க ஊருல ஒரு கேதுரு மரக்கிளைக் கொத்தை அந்த முனையில ஆணி வச்சு அடிப்போம். எல்லாரும் அடுப்படியில பீன்ஸும் ரொட்டியும் தின்னுக்கிட்டிருந்தாங்க. நான் அந்த ஆணியைப் பிடுங்கி, கொத்தை எதிர் முனையில அடிச்சேன்.

மேட்டுல ஏறும்போது தூக்கினவன் ஒருத்தன், "கால்பக்கம் என்னப்பா இந்தக் கனம், பெருசு பூட்ஸு போட்டே கிளம்பிட்டாரா?"ன்னான். எல்லாரும் அடக்கிக்கிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

சொந்தமெல்லாம் எங்க அப்பா கல்லைப் பாத்துச்சு. கார்லினும் சொன்னான், நாக்கு குழற, எல்லாத்தையும் சொன்னான். கிழவிங்க வந்து என் கையைப் பிடிச்சாங்க. நான் பிடிக்க விட்டேன், அவ்வளவுதான்.

பெட்டியைக் கொத்துப் பக்கம் மேற்கே வச்சு இறக்கினாங்க. முதல் பிடி மண்ணை நான் போட்டேன். அந்த நாள் வரும்போது ஜூபல் தாத்தாவும் அந்தக் கைப்பிள்ளையும் எங்கம்மாவும் சூரியனைப் பாத்து எழுந்திருப்பாங்க. ஹாலிஸ் மட்டும் முதுகை வெளிச்சத்துக்குக் காட்டிக்கிட்டு, நேரா எங்கப்பா மூஞ்சியைப் பாத்து எழுந்திருப்பாரு.