மூன்று பட்டம் போட்ட உக்கிரபாண்டி

பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறவளுக்கு உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களோடுதான் பழக்கம் அதிகம். இன்னார் பேரன், இன்னார் மகன், இன்னாருக்குப் பாத்தியப்பட்ட புஞ்சை என்று நாள் முழுக்க அவர்கள் பெயரைத்தான் தட்டிக்கொண்டிருப்பேன். ராமநாதபுரத்தில் பதிவு ஆபீசுக்கு எதிர்வரிசையில் எங்கள் கடை. செத்தவர்களுக்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரையில் ஒருத்தன்தான் வந்து என்னைப் பயமுறுத்திவிட்டான்.

அவனைக் கொண்டுவந்து கொடுத்ததே குருநாதன்தான். எனக்கும் குருநாதனுக்கும் வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மிளகாய்க் கொல்லை. ஒரு கிரயத்துக்காகக் கடைக்கு வந்தவர், கிரயம் முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார். நானும் போங்கள் என்று சொல்லவில்லை. பிறகு அவருடைய அம்மா ராக்கு முறைப்படி கடலாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து பெண் கேட்டார். என்னைப் பெற்ற அய்யா முத்துராமலிங்கம் முதலில் தாய்வழியில் வரும் கிளையைக் கேட்டார், வேறாக இருந்தது. அப்பன்வழிச் சாமியைக் கேட்டார். எங்களுக்கு இருளப்பசாமி, அவர்களுக்குக் கடற்கரைக் கருப்பு. அதுவும் வேறுதான், பங்காளி இல்லை என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவே எனக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வைகாசி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கொல்லையைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று குருநாதன் வீட்டிலிருந்து பழைய பத்திரக்கட்டைக் கொண்டுவந்தார். அவிழ்த்ததும் மேலே இருந்த பத்திரத்தில், 'சின்னக்கருப்பன் குமாரன், தற்சமயம் தேவிபட்டினத்தில் குடியிருக்கும் உக்கிரபாண்டிச் சேர்வை' என்று இருந்தது. குருநாதனின் அப்பாவுக்குத் தாத்தா. விரல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு உக்கிரபாண்டி உண்டு. உண்டு என்று சொல்லக்கூடாது, ஓடிப்போனவன். என் அய்யாவுக்குத் தாத்தாவின் உடன்பிறந்த தம்பி. கண்மாய்த் தகராறில் ஒருத்தனை வெட்டிப்போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவன் திரும்பவில்லை. அவனுக்கும் அப்பன் பெயர் சின்னக்கருப்பன்தான். இவனும் அவனும் ஒருத்தன் என்றால் குருநாதன் எனக்குப் பங்காளி, அண்ணன் முறை. அந்த ஒரு பத்திரத்தால் என் வயிற்றில் இருந்தது அண்ணன் பிள்ளையாகிவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நாலு தலைமுறைக்கு முன்னால் பிரிந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் தெருவில் முத்தழகு என்று ஒரு அக்கா இருந்தாள், அய்யாவின் சித்தப்பாவுக்குப் பேத்தி. பங்காளிப் பையனோடு பேசிப் பழகினாள் என்று பேச்சு வந்தது. மறுநாள் காலையில் வயிற்றுவலியில் போய்விட்டாள் என்றார்கள், மதியத்துக்குள் எரித்தும்விட்டார்கள். அன்றைக்குக் கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த ஆம்பளைகளில் என் அய்யாவும் ஒருவர். அவர் என்மேல் உயிரையே வைத்திருந்தார். முத்தழகுவின் அப்பாவும் அவள்மேல் அப்படித்தான் வைத்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து குருநாதனிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நம்ம பக்கம் எத்தனை உக்கிரபாண்டி இருக்கான். அவன்தான் இவன்னு எப்படிச் சொல்ற?"

"அப்பன் பேரும் ஒண்ணா இருக்கே."

"சின்னக்கருப்பனும் ஊருக்கு நாலு பேரு இருக்கான். செத்துப்போனவனுக்காக நீ ஏன் லட்சுமி இப்படி நடுங்குற?"

"அவனுக்காக இல்ல. உசுரோட இருக்குற எங்க அய்யாவுக்காக நடுங்குறேன்."

குருநாதன் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தேட ஆரம்பித்தேன். அந்த உக்கிரபாண்டி வேறு ஆள் என்று காட்ட எனக்கு ஒரே ஒரு வரி போதும். வேறு ஊர், வேறு தாத்தா, எதுவாக இருந்தாலும் சரி. கடை முதலாளியிடம் ஏதோ பொய் சொல்லி அந்த நிலம் யார் யார் கைமாறியது என்று வில்லங்கம் போட்டேன், பழைய நகல்களை எடுத்துப் பார்த்தேன். ஆள் வழுக்கிக்கொண்டே போனான். முதல் பத்திரத்தில் சேர்வை. சில வருஷம் கழித்து வாங்கிய பத்திரத்தில் உக்கிரபாண்டி அம்பலம், அப்பன் பெயர் வெறும் கருப்பன். ஒரு அடமானத்தில் உக்கிரத் தேவன் என்று மட்டும் இருந்தது, அப்பனே இல்லை. எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் ஓடிப்போனவன் உக்கிரபாண்டித் தேவன். பெயருக்குப் பின்னால் பட்டம் மாறுகிற ஒவ்வொரு தாளிலும் எனக்கு மூச்சு வந்தது. பெயர் ஒட்டுகிற ஒவ்வொரு தாளிலும் போனது. எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது 'தற்சமயம்' என்ற சொல் மட்டும்தான். சாகிறவரைக்கும் தற்சமயமே குடியிருந்திருக்கிறான். எந்த ஊரிலிருந்து வந்தான் என்று ஒரு இடத்திலாவது வாயைத் திறந்தானா, படுபாவி.

கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இவ்வளவு தேடியும் எனக்கே பிடிபடாதவன் அய்யாவுக்கு எப்படிப் பிடிபடுவான்? பத்திரக்கட்டை முன்னைவிட இறுக்கமாகக் கட்டி குருநாதனிடம் கொடுத்தேன். அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கியது.

சித்திரைக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டுச் சாமிக்கு முதல் பத்திரிகை வைக்கப் போனோம். "வரப்போற மருமகளையும் கூட்டிக்கிட்டு வாங்க, சாமிகிட்ட முகத்தைக் காட்டணும்" என்று ராக்கு அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். அய்யாவும் நானும் காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பனைகளுக்கு நடுவே ஒரு பீடம், மேலே தகரம், முன்னால் திரை. குருநாதனின் அப்பா கூத்தையாதான் பூசை. ஆம்பளைகள் முன்வரிசையில் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். எனக்கு ஒரு பக்கம் ராக்கு அத்தை. இன்னொரு பக்கம் கூத்தையாவின் தங்கை பஞ்சம்மாள், அவளுக்கு அடுத்து குருநாதனின் தங்கை.

கூத்தையா திரையில் கை வைத்தார். மணி அடித்தது. நான் சட்டென்று திரும்பி, சாமிக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

எங்கள் இருளப்பன் கோயிலில் அதுதான் வழக்கம். திரை விலகிச் சாமி கண் திறக்கும்போது அந்த வீட்டில் பிறந்த பெண்கள் முகம் காட்டக்கூடாது. பார்த்துவிட்டால் சாமி அவளை விடாதாம், போகிற வீட்டுக்கு அனுப்பாமல் தன்கூடவே வைத்துக்கொள்ளுமாம். வாழ வந்த மருமகள்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்கள் நேராக நின்று கும்பிடுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மணிச்சத்தம் கேட்டால் என் கால் தானாகத் திரும்பும். வேறு எந்தக் கோயிலிலும் இப்படி ஒரு பழக்கத்தை நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

யாருடைய கோயிலில் நிற்கிறோம் என்று எனக்கு உறைப்பதற்குள் பக்கத்தில் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். பஞ்சம்மாளும் திரும்பி நின்றாள். அவளுக்கு அடுத்து குருநாதனின் தங்கையும் திரும்பி நின்றாள். அந்த வீட்டில் பிறந்த மகள்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து பனைகளைப் பார்த்து நின்றார்கள்.

 அவன்தான் இவன். பட்டத்தை மாற்றினான், அப்பன் பெயரைக் குறைத்தான், சாமிக்குக்கூட வேறு பெயர் வைத்தான். ஆனால் ஓடும்போது, அதே சாமியைப் புது ஊரில் நட்டுவைக்க இருளப்பன் கோயில் பிடிமண்ணை மடியில் அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறான். அந்தப் பயத்தையும் கூடவே கொண்டுவந்து தான் பெற்ற மகள்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். தாள் தாளாக நான் தேடியவன் அந்தப் பெண்களின் முதுகில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏத்தா, நீ எதுக்குத் திரும்புன?" என்றாள் பஞ்சம்மாள் மெதுவாக. "நீ வாழ வந்த பொண்ணுதானே. உங்க கோயில்லயும் இப்படித்தான்..." பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கண் என் முகத்தில் அப்படியே குத்தி நின்றது.

எனக்குப் பஞ்சம்மாளிடம் பயமில்லை. முன்வரிசையில் அய்யா நின்றார். தீபம் காட்டி முடிந்ததும் திருநீற்றை வாங்கிக்கொண்டு எனக்குப் பூசிவிடத் திரும்புவார், எப்போதும் செய்கிறதுதான். திரும்பினால் என் முதுகையும் அந்த வீட்டுப் பெண்களின் முதுகையும் வரிசையாகப் பார்ப்பார். அவருக்கு எந்தப் பத்திரமும் வேண்டாம். முன்பக்கம் திரும்பிவிடு என்று மனசு கத்தியது. கால் அசையவில்லை. மணிச்சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முத்தழகு அக்காவுக்கும் கடைசியில் இப்படித்தான் கால் அசையாமல் போயிருக்குமோ என்று நினைத்தேன்.

அப்போது ராக்கு அத்தை ஓவென்று கத்தினார்.

கொண்டை அவிழ்ந்து விழ, ஆம்பளைகளைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினார். கூத்தையா தட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். "சாமி வந்துருச்சு, சாமி வந்துருச்சு" என்று குரல்கள். தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தை என் அய்யாவின் துண்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏலே முத்துராமலிங்கம்! எனக்குப் பொண்ணு குடுத்தியா இல்லையாடா?"

ஊரில் யாருக்கும் வணங்காத என் அய்யா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "குடுத்துட்டேன் சாமி."

"மனசாரக் குடுத்தியா?"

"மனசாரக் குடுத்தேன்."

"குடுத்தவன் திரும்பிப் பாக்கப்படாது. இப்படியே கெழக்க பாத்து நடந்து, கரையோரமாவே ஊருக்குப் போ. ஊரு எல்லை தாண்டுற வரைக்கும் திரும்பிப் பாத்தா உன் குடி விளங்காது. போடா!"

அய்யா எழுந்தார்.  பீடத்தைச் சுற்றிக்கொண்டு, பனைகளுக்குள் புகுந்து, கடலைப் பார்த்து நேராக நடந்தார். என்னை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சட்டை பனைகளுக்கு நடுவே மறைந்தது. என்னை வளர்த்த மனுஷன் அப்படிப் போவதைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் முன்னால் அவர் திரும்பிவிடக்கூடாது என்று வேண்டியவளும் நான்தான்.

அத்தையைப் பிடித்துத் தூணோரம் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்பை வாங்குகிற சாக்கில் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. கணக்குத் தெரிந்த பொம்பளையின் கண்தான் அது.

"எத்தனை மாசம்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ரெண்டு, அத்தை."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பஞ்சம்மாளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். நாத்தனாரும் அண்ணியும் அந்தப் பார்வையில் என்ன பேசிக்கொண்டார்களோ, பஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பனைப்பக்கம் போய்விட்டாள்.

"எங்க ஊர்லயும் ஆளுக பயந்து பயந்தே ஒரு பொண்ணைக் கொன்ன கதை எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. "உக்கிரபாண்டிய நீ தேடுறத குருநாதன் சொல்லிட்டான், இனிமே தேட வேண்டாம். இங்கன நீ மருமக. மருமக எந்தப் பக்கம் பாத்து நிப்பா?"

"சாமியப் பாத்து."

"அப்பத் திரும்பு."

"பயமா இருக்கு அத்தை."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே பாரு."

திரும்பினேன். திரை விலகித்தான் இருந்தது. வெள்ளியில் செய்து ஒட்டிய பெரிய கண்கள், நடுவில் கரிய புள்ளி. இருபத்து மூன்று வயதுவரை எங்கள் சாமிக்குக் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் விடாதாம். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, விட்டுவிடாதே என்று சொல்லி இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.