ஓரத்தில் பூசியது

நான் செய்தது தப்புதான். இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் துணிக்குப் பின்பக்கம் இரண்டு கோடு போட்டு வைத்தது யார்?

என் வீட்டுக்காரரின் அக்கா ஓவியர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நானும் என் வீட்டுக்காரரும் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை வைத்திருக்கிறோம். அவர் மரம் அறுப்பார், படம் வரைந்த துணியை நான் இழுத்துச் சட்டத்தில் பின் அடிப்பேன். இருபத்திரண்டு வருடமாக அண்ணியின் படம் ஒன்றுகூட வேறு பட்டறைக்குப் போனதில்லை.

அண்ணி பஸ் பிடித்து ஊருக்கு வெளியே போவார். மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கல்குவாரி, செங்கல் சூளை, மின்கம்பம் நிற்கும் மேடு என்று வரைவார். மலை என்றால் மலை மாதிரி இருக்காது. நாலு பட்டை, மூன்று முக்கோணம். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அந்த நிறம்தான். சாம்பல், சேறு, புகை. எப்பேர்ப்பட்ட வெயிலில் வரைந்தாலும் இழவு வீடு மாதிரித்தான் வந்து சேரும்.

காரணம் எனக்குத் தெரியும். முதல் கண்காட்சியில் பளிச்சென்ற நிறங்களைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு பெரிய மனிதர், “காலண்டருக்கு நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் அன்றைக்கே மறந்திருப்பார். அண்ணி மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கண்ணில் பட்ட நிறத்தை அப்படியே குழைத்து, முதலில் துணியின் ஓரத்தில் ஒரு தீற்று தீற்றிப் பார்ப்பார். பிறகு அதே நிறத்தில் சாம்பலைக் கலந்து, அதன் உயிரை எடுத்துவிட்டுத்தான் படத்துக்குள் வைப்பார். ஓரமெல்லாம் சட்டத்துக்குப் பின்னால் மடிந்து போய்விடும். மடிக்கிறவள் நான். அதனால் அந்த ஓரங்களைப் பார்த்த ஒரே ஆளும் நான்தான்.

இந்தத் தடவை ஆறு படம். வெள்ளிக்கிழமை கண்காட்சி. எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது, இந்தக் கண்காட்சிக்கு அப்புறம் இனிமேல் இடம் தர முடியாது என்று கேலரிக்காரர் சொல்லிவிட்டாராம்.

“இதோட சரி. பிரஷ் எல்லாத்தையும் கழுவி யாருக்காவது குடுத்துடப் போறேன்,” என்றார் அண்ணி. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கடைசித் துணியைப் பிரித்தேன். கல்குவாரிக் குட்டை, எட்டு மாத வேலை. எங்கே மடிக்க வேண்டும் என்று அண்ணி பின்பக்கம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருப்பார். கோட்டை அளந்து சொன்னேன், என் வீட்டுக்காரர் மரத்தை அறுத்துச் சட்டம் சேர்த்தார், துணியைக் குப்புறப் போட்டு இழுத்துச் சுற்றிலும் பின் அடித்து முடித்தேன். நான் அளந்த கோட்டுக்கு நாலு விரற்கடை உள்ளே தள்ளி இன்னொரு கோடு இருந்தது. அதுதான் சரியான கோடு. முதலில் போட்டதை அழிக்காமல் விட்டிருக்கிறார் மகராசி. நான் அதைப் பார்க்கவே இல்லை, சத்தியமாக.

படத்தைத் திருப்பிச் சுவரில் சாய்த்த பிறகுதான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணியும் உள்ளே வந்தார்.

நடுவில் சாம்பல் குட்டை. சுற்றி நாலு பக்கமும் ஓரத்தில் தீற்றியதெல்லாம் வெளியே வந்து நின்றது. வெயில் பட்ட பாறைக்கு ஆரஞ்சு, தண்ணீருக்குப் பாசிப் பச்சை, நிழலுக்கு ஊதா.

“என்ன இது?”

“ஐயோ, கோடு மாறிப்போச்சு அண்ணி. ஒரு மணி நேரம் குடுங்க, பிரிச்சு, சட்டத்தைச் சின்னதாக்கி மடிச்சுடறேன்.”

“வேணும்னே பண்ணியிருக்கே. உனக்கு என் படம் எப்பவுமே பிடிச்சதில்ல.”

என் வீட்டுக்காரர் நைசாக அறுப்பு மிஷினைப் போட்டார். எங்களுக்குள் வாய் முற்றினால் போதும், அவருக்கு அறுக்க மரம் கிடைத்துவிடும்.

“அந்தச் சனியனை நிறுத்துங்க!” என்று கத்தினேன். நிறுத்தினார்.

“ஆமா அண்ணி, பிடிக்கல. நீங்க கண்ணால பாத்ததெல்லாம் ஓரத்துல கிடக்கு. அதைப் போய் இருபத்திரண்டு வருஷமா மடிச்சு மடிச்சுப் பின் அடிச்சிட்டிருக்கேன். எனக்கு மனசு வலிக்காதா? எவனோ ஒருத்தன் காலண்டர்னு சொன்னான்னு...”

வரைகிறவர் கல்லு மாதிரி நிற்கிறார், பின் அடிக்கிறவள் மூக்கைச் சிந்துகிறேன். வெட்கக்கேடு.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துப் படத்தின் ஒரு மூலையில் வைத்தேன்.

“கையை எடு,” என்றார்.

எடுத்தேன். ஓரத்து ஆரஞ்சைப் பார்த்தார். அதே பாறையைப் படத்துக்குள் தேடினார். அங்கே அது சாம்பலாக இருந்தது. திரும்ப ஓரத்துக்கு வந்தார். வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

“சாயங்காலம் நாலு மணி இருக்கும்,” என்றார் கடைசியில். “அந்தப் பாறை இப்படித்தான்டி இருந்துது. இதைவிட ஜாஸ்தியாவே. கண்ணு கூசிச்சு.”

“அப்புறம் ஏன் அண்ணி?”

“பயந்துட்டேன்.”

பக்கத்தில் போய் நின்றேன்.

“இதை இப்படியே அனுப்பு,” என்றார்.

“கேலரிக்காரர் என்ன சொல்வாரு?”

“இனிமே இடம் இல்லைன்னுதானே சொன்னான்? அதுக்கு மேல என்ன சொல்லிடுவான்?”

“மத்த அஞ்சையும் பிரிக்கணுமாக்கா?” என்று என் வீட்டுக்காரர் மெல்லத் தலையை நீட்டினார்.

“வேண்டாம்டா. அதுவும் நான் வரைஞ்சதுதானே, இருந்துட்டுப் போகட்டும்.”

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

“அஞ்சடிக்கு ஒரு துணி வெட்டி வை. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்.”

பிரஷ்ஷை யாருக்கோ கொடுக்கப் போவதாகச் சொன்னீர்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டு, வேலைப் பேச்சையே பேசினேன்.

“ஓரம் எவ்வளவு விடட்டும் அண்ணி?”

“மடிக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். அதுல நான் ஒண்ணும் பூசப் போறதில்ல.”