கடுகளவு நட்சத்திரம்

ஆய்வகத்தில் அவளைக் கடுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நட்சத்திரம் எப்படி வெடிக்கிறது என்று பார்க்க அங்கே லேசரால் சுடுகிற கடுகளவு உருண்டையை, ஆறு வாரம் கழுத்து ஒடிய நுண்ணோக்கியில் குனிந்து செய்தவள் அவள். இன்று அது கண்மூடித் திறப்பதற்குள் வெடித்துத் தீர்ந்தது. படம் விழவேண்டிய திரையிலோ ஒரே கறுப்பு.

"உருண்டைலதான் ஏதோ கோளாறு. இன்னொண்ணு செஞ்சிடுங்க," என்றார் ஆய்வுத் தலைவர், கொட்டாவியோடு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று லேசர் கூடத்துக்குள் போனாள். யாரையும் தொடவிடாமல் காலையில் அவரே துடைத்து வைத்த கேமராவில், மூடி போட்டபடியே இருந்தது. கழற்றிக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"உருண்டை செய்ய எனக்கு ஆறு வாரம். இதைக் கழட்ட உங்களுக்கு எத்தனை வாரம் சார் வேணும்?"